டாக்காவில் போராட்டம் வெடித்தால் அங்கே படிக்கும் மகள் என்ன செய்ய வேண்டும்?

மேலூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், மகள் அங்கே எம்.பி.பி.எஸ். படிக்கிறாள்.

முதல் அடி இணையத்துக்குத்தான் விழும். 2024 மாணவர் போராட்டத்தின்போது, ஜூலை 18 அன்று வங்கதேசம் முழுக்க இணையம் நின்றது. வாட்ஸ்அப்பும் போச்சு, மொபைலில் பணம் கட்டவும் வழியில்லை. மறுநாள் இரவே ஊரடங்கு. ஒரு வாரச் செலவுக்காவது ரொக்கம் கையில் இருக்கட்டும். இந்திய ஹை கமிஷன் (அங்குள்ள நம் தூதரகம்) எண்ணைத் தாளில் எழுதி பாஸ்போர்ட் உறைக்குள் செருகச் சொல்லுங்கள். சார்ஜ் தீர்ந்த போனுக்குள் இருக்கும் எண் உதவாது.

கோட்டைவிடுவது பாஸ்போர்ட்டில்தான். விசா நீட்டிப்புக்கென்று கல்லூரி அலுவலகத்தில் கொடுத்திருந்தால், வேலை முடிந்த அன்றே திரும்ப வாங்கிவிட வேண்டும். ஊரடங்கில் அலுவலகம் பூட்டிக் கிடந்தால் எல்லையைத் தாண்ட முடியாது. நகல் ஒன்று உங்கள் வீட்டு பீரோவிலும் இருக்கட்டும்.

2024 போராட்டத்தின்போது பல இந்திய மாணவர்கள் அகௌரா எல்லைச் சாவடி வழியாகத் தரைமார்க்கமாகத் திரிபுராவின் அகர்தலா வந்தார்கள். தனியாகக் கிளம்பவே கூடாது, பாதுகாப்பு வண்டியோடுதான். ஊர்வலத்தைப் போனில் படம்பிடிக்கவும் வேண்டாம்.