வெனிஸை விடிகாலையில் பாருங்கள்

கேள்வி: மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். மே மாதம் நானும் வீட்டுக்காரரும் போகிறோம். காலையில் வெனிஸ் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம் என்கிறான். கூட்டம் நெருக்கித் தள்ளும் என்கிறார்களே? எனக்கு முழங்கால் வலி வேறு. சரிப்படுமா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: ஒரே நாளில் போய்த் திரும்புவது வேண்டாம், ஓர் இரவு தங்குங்கள். சீசன் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் குற்றாலம் மெயினருவிக்குப் போனால் அருவியைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும். வெனிஸும் அப்படித்தான். பகல் பயணிகள் வந்து குவிவதற்கு முன், ஏழு மணிக்குள் சான் மார்க்கோ சதுக்கத்துக்குப் போய்விடுங்கள். ரியால்டோ பாலத்தில் நின்று நிதானமாகக் கால்வாயைப் பார்க்க முடிவதும் அந்த நேரத்தில்தான்.

2024 முதல், கூட்டம் கூடும் குறிப்பிட்ட நாட்களில் காலை 8.30 முதல் மாலை 4 வரை பகல் பயணிகளுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. 2025-இல் அது 5 யூரோ; கடைசி நேரத்தில் கட்டினால் 10. இரவு தங்குகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் மாநகராட்சித் தளத்தில் விலக்குக்குப் பதிந்து க்யூஆர் கோடு எடுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் போகும் தேதி பட்டியலில் இருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

முழங்கால்தான் பெரிய விஷயம். ஊருக்குள் காரும் கிடையாது, ஆட்டோவும் கிடையாது. நானூறுக்கு மேல் பாலங்கள், பெரும்பாலானவற்றில் படியேறி இறங்க வேண்டும். ஹோட்டல் பதிவு செய்யும் முன், படகுத்துறையிலிருந்து வாசல் வரை எத்தனை பாலம், லிஃப்ட் உண்டா என்று எழுதிக் கேளுங்கள்; பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் இல்லை. பெரிய சூட்கேஸ் மகன் வீட்டிலேயே இருக்கட்டும்.

சாந்தா லூச்சியா ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே வபோரெட்டோ எனும் பயணிகள் படகுக்கான துறை. 1-ஆம் எண் படகு பெரிய கால்வாய் வழியாக ஒவ்வொரு துறையாக நின்று போகும். சான் மார்க்கோவுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். உட்கார்ந்தபடியே அரண்மனைகளைப் பார்த்துவிடலாம், உங்களுக்கு இதைவிட நல்ல சுற்றுலா இல்லை. 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ, 24 மணி நேரச் சீட்டு 25. மூன்று தடவை ஏறினாலே பெரிய சீட்டு லாபம். முதல் முறை மிஷினில் காட்டியதிலிருந்துதான் நேரம் ஓடும். ஆகவே இன்று மதியம் தொடங்கினால் நாளை மதியம் வரை செல்லும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் காட்டுங்கள், மறந்தால் அபராதம்.

கொண்டோலா எனும் துடுப்புப் படகுக்குப் பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. இது ஆளுக்கு அல்ல, படகுக்கு. ஆடும் படகில் கீழே கால் வைத்து இறங்க வேண்டும், மூட்டுவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நவம்பரில் போனால் கூட்டம் குறையுமா?
- வாசகர், தென்காசி

பதில்: குறையும். ஆனால் தென்கிழக்கிலிருந்து அடிக்கும் சிரோக்கோ காற்று கடல்நீரைத் தள்ளிவரும் காலம் அது. 2020 அக்டோபர் முதல், வெள்ளம் வரும்போது மோசே என்ற 78 கதவுகள் எழுந்து, ஊரைச் சுற்றிய காயலுக்குள் கடல்நீர் நுழையும் வாய்களை அடைக்கின்றன. சான் மார்க்கோ தாழ்வான இடம் என்பதால், கதவுகள் எழாத சிறு ஏற்றத்திலும் அங்கே தண்ணீர் தேங்கும். ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.