சொல்லாமல் விண்ணப்பித்தவரை விலக்கலாமா?

கேள்வி: பதினொரு தொண்டு நிறுவனங்கள் சேர்ந்த கூட்டமைப்புக்கு நான் செயலாளர். நாங்கள் கூட்டாக நிதி கேட்டிருந்த அதே அறக்கட்டளையிடம், எங்களில் பெரிய நிறுவனம் ஒன்று எங்களிடம் சொல்லாமல் தனியாகவும் விண்ணப்பம் போட்டுவிட்டது. மற்றவர்கள் கொதிக்கிறார்கள். விலக்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் உங்கள் விதிமுறைகளை எடுத்துப் பாருங்கள். கூட்டாகக் கேட்ட இடத்தில் தனியாகக் கேட்கக் கூடாது என்று எங்காவது எழுதியிருக்கிறதா? "பரஸ்பர நம்பிக்கையோடு செயல்படுவோம்" என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். எழுதாத விதியைக் காட்டி ஒருவரை எப்படி வெளியே அனுப்புவது?

அந்த நிறுவனத்தின் பிரதிநிதியையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உங்கள் கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். திரும்பிப் போனால் அவருடைய நிர்வாகக் குழு, "மாதாமாதம் போய் வருகிறீர்களே, நமக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்கிறது. சொல்வதற்கு அவர் கையில் ஒன்றுமில்லை. மாத முடிவில் சம்பளம் வேறு போட வேண்டும்.

சேர்ந்திருப்பவர்கள் எல்லாவற்றிலும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்றில்லை. 1973-இல் 15 நாடுகளின் 239 வங்கிகள் சேர்ந்து ஸ்விஃப்ட் அமைப்பைத் தொடங்கின. தொழிலில் போட்டியாளர்கள்தான். பணப் பரிமாற்றத் தகவல்களை ஒரே வடிவத்தில், ஒரே வலையமைப்பில் அனுப்புவது என்ற அளவில் சேர்ந்துகொண்டார்கள். கடன், வட்டி, வாடிக்கையாளர் எல்லாம் அவரவர் பாடு. உங்கள் கூட்டமைப்பு எதற்காகச் சேர்ந்தது என்று பதினொரு பேரையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். நான் இருந்த ஒரு கூட்டமைப்பில் இதைச் செய்தோம். எட்டுப் பேர், ஆறு விதமான பதில்!

அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக, வரும் ஆறு மாதத்தில் யாரிடம் நிதி கேட்கப் போகிறோம் என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். எங்கே கூட்டாக மட்டும் கேட்பது, எங்கே முன்கூட்டிச் சொல்லிவிட்டுத் தனியாகக் கேட்கலாம், எது அவரவர் விருப்பம் என்று அங்கேயே பிரித்து, நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றிவிடுங்கள். பெரிய நிறுவனமும் அந்த மேசையில் இருந்தால்தான் இது நடக்கும்.

சரி, ஒன்றை நீங்கள் சொல்லவில்லையே. உங்களுக்குச் சம்பளம் தருவது யார்? பிரோவன், கெனிஸ் என்ற ஆய்வாளர்கள் 2008-இல் இத்தகைய அமைப்புகளை மூன்றாகப் பிரித்தார்கள்: உறுப்பினர்களே சேர்ந்து நடத்துவது, ஓர் உறுப்பினர் முன்னின்று நடத்துவது, தனி அலுவலகம் வைத்து நடத்துவது. உங்களுடையது இரண்டாவது வகையாக இருந்து, சம்பளம் தரும் நிறுவனமும் அந்த அறக்கட்டளையின் நிதியை எதிர்பார்த்திருந்தால், நீங்கள் அதன் பக்கம் சாய்வதாகத் தோன்றும்; இந்த ஒரு கூட்டத்துக்கு மட்டும் வேறு யாரையாவது தலைமை தாங்கச் சொல்லுங்கள்.