படகு பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை: கேள்வி-பதில்

கேள்வி: என் அவுட்போர்டு (பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்) படகுக்கு இரண்டு வருஷத்தில் மூன்று பேட்டரி மாற்றிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் பார்த்துவிட்டு "பேட்டரி போச்சு" என்கிறார். நாலாவதாக எது வாங்கலாம்?

பதில்: எதுவும் வாங்க வேண்டாம். முதலில் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். சாதாரணமானதே போதும்.

"பேட்டரி போச்சு" என்ற வசனத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. 'பார்த்துவிட்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். எதை வைத்துப் பார்த்தார்? காலியான பேட்டரியும் செத்துப்போன பேட்டரியும் ஸ்டார்ட்டரில் ஒரே மாதிரி 'டிக்' என்றுதான் சத்தம் போடும். முழுசாகச் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் சும்மா வைத்து, அப்புறம் லோடு கொடுத்துச் சோதித்தால்தான் எது என்று தெரியும். அதற்கு ஒரு நாள் ஆகும். புதுசை விற்க ஐந்து நிமிஷம் போதும், பழையதும் எடைக்குக் கிடைக்கும். அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? மூன்றாவது தடவை நீங்கள் போய் நின்றபோதாவது, எஞ்சினிலிருந்து சார்ஜ் வருகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

சரி, மீட்டருக்கு வருவோம். எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்தால், நிறைந்த 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி 12.6 அல்லது 12.7 காட்டும். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழே இறங்கினால் காலியை நெருங்கிவிட்டது. இப்போது எஞ்சினை ஓடவிட்டு வேகத்தைக் கூட்டுங்கள். 13.8-க்கும் 14.5-க்கும் நடுவே ஏறினால் சார்ஜ் வருகிறது. 12.4-லேயே நின்றால் வரவில்லை. அப்படியானால் எத்தனை புது பேட்டரி வைத்தாலும் இதே கதிதான்.

அடுத்து, ரெக்டிஃபயரிலிருந்து (எஞ்சின் தரும் ஏசி மின்சாரத்தை பேட்டரிக்கு வேண்டிய டிசியாக மாற்றும் பாகம்) வெளியே வரும் முனையில் அளந்து பாருங்கள். அங்கே 14.3, பேட்டரியில் 13.2 என்றால் நடுவில் எங்கோ மின்சாரம் தடைபடுகிறது. பச்சை பூத்த லக் (கேபிள் நுனியில் மாட்டும் உலோக வளையம்), கருகிய ஃப்யூஸ் ஹோல்டர், கையால் முடுக்கிய விங் நட்டு, இவற்றில்தான் பெரும்பாலும் இருக்கும். விங் நட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு நைலான் லாக் நட்டை ஸ்பேனரால் முடுக்குங்கள். அலையில் குதிக்கும் படகில் விங் நட்டு தானாகத் தளரும். எஞ்சின் ஓடும்போது பேட்டரித் தொடர்பு ஒரு கணம் விட்டால்கூட ரெக்டிஃபயரில் டயோடு போகலாம். இரண்டு இடத்திலும் வோல்ட் குறைவு என்றால் ஸ்டேட்டர் (எஞ்சினில் மின்சாரம் உண்டாக்கும் கம்பிச்சுருள்), ரெக்டிஃபயர் பக்கம் கோளாறு. அது மெக்கானிக்கின் வேலை, பேட்டரிக் கடைக்காரரின் வேலை இல்லை.

கேள்வி: பழைய பேட்டரிக்கு உயிர் கொடுக்கும் என்று ஒரு பவுடர் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: படகைக் கட்டிவைத்து, எஞ்சினை ஐடிலில் ஒரு மணி நேரம் ஓடவிட்டும் சார்ஜ் ஏறவில்லை. எஞ்சினில் கோளாறா?

பதில்: இருக்காது. சின்ன அவுட்போர்டு நல்ல வேகத்தில் ஓடும்போதே 6 அல்லது 12 ஆம்பியர் மாதிரிதான் தரும். ஐடிலில் அதில் சொற்பம்தான் வரும், அதையும் விளக்கும் மீன் காட்டும் கருவியும் தின்றுவிடும். காலியான பெரிய பேட்டரியை இப்படி நிரப்பப் பார்த்தால் பெட்ரோல்தான் தீரும். கரையில் கரண்டில் மாட்டும் சார்ஜர் ஒன்று வாங்குங்கள். தண்ணீர் ஊற்றும் வகை, ஏஜிஎம் (அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியது), ஜெல் (அமிலம் கூழாக இருப்பது) மூன்றுக்கும் அதில் தனித்தனி அமைப்பு இருக்க வேண்டும். ஜெல் பேட்டரிக்கு ஏஜிஎம் வோல்ட் கொடுத்தால் அது நாளடைவில் கெட்டுவிடும்.

கேள்வி: கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் அவுட்போர்டு ஒன்றைத் தள்ளுபடியில் வாங்கினேன். பேட்டரிக்கு வயரே வரவில்லை. விற்றவர் மேல் புகார் கொடுக்கலாமா?

பதில்: எதற்காக? கயிறு இழுக்கும் மாடல்கள் பலவற்றில் சார்ஜிங் காயில் (மின்சாரம் உண்டாக்கும் கம்பிச்சுருள்) கிடையவே கிடையாது. விவரக்குறிப்பில் அதற்கென்று ஒரு வரி இருக்கும், நீங்கள் விலையை மட்டும் படித்திருக்கிறீர்கள். சில மாடல்களுக்குக் காயிலும் ரெக்டிஃபயரும் தனியாகக் கிடைக்கும், மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். விளக்குக்கான காயில் மட்டும் இருந்தால் அதில் வருவது ஏசி, அதாவது மாறுதிசை மின்சாரம். நேராக பேட்டரியில் கொடுத்துத் தொலைக்காதீர்கள்.

கேள்வி: 'சுத்தச் செம்பு, மரைன் கேபிள்' என்று பார்த்து ஆன்லைனில் வாங்கினேன். ஸ்டார்ட் செய்தால் கேபிள் சுடுகிறது, சார்ஜும் சரியாக ஏறவில்லை. கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கிறது. திருப்பிக் கேட்டால், 'அது வெள்ளீய முலாம்' என்கிறார்கள்.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். சொல்லும் சமாதானமும் பொய். வெள்ளீய முலாம் பூசிய செம்பு வெளியே வெள்ளை, சுரண்டினால் சிவப்பு. உங்களுடையது வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை. அது செம்பு பூசிய அலுமினியம். அலுமினியம் செம்பில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் மின்சாரம் கடத்தும். உப்புக் காற்றில் லக் பிடிக்கும் இடத்தில் அரித்து, தடை கூடி, அங்கேதான் சூடாகும். தீப்பிடிக்கும் சமாசாரம் இது, இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சுரண்டிய முனையைப் போட்டோ எடுங்கள், ஒரு துண்டை வெட்டி வையுங்கள். 'சுத்தச் செம்பு' என்று போட்டிருக்கும் விளம்பரப் பக்கத்தையும் பில்லையும் சேமியுங்கள், அந்தப் பக்கம் நாளைக்கே மாறிவிடும். சொன்ன பொருள் வேறு, தந்த பொருள் வேறு என்று எழுத்தில் கேளுங்கள், போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். நானும் இப்படி ஒரு ஜம்பர் கேபிள் வாங்கியிருக்கிறேன். கட்டைவிரல் தடிமன். வெட்டிப் பார்த்தால் முக்கால்வாசி பிளாஸ்டிக், நடுவில் நாலு மயிரிழை. அதற்குப் பிறகு கேபிள் வாங்கும்போது மேல்தோலின் தடிமனை நான் பார்ப்பதே இல்லை. உள்ளே இருக்கும் உலோகம் எத்தனை சதுர மில்லிமீட்டர் என்று கேட்கிறேன், கையில் தூக்கியும் பார்க்கிறேன். அலுமினியத்தின் எடை செம்பில் மூன்றில் ஒரு பங்குகூட வராது, தூக்கினாலே காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போகிறேன். ஒரு மாதம் கழித்து வந்தால் பேட்டரி காலி.

பதில்: சுவிட்சைத் தாண்டி பேட்டரியிலிருந்து நேராகப் போகும் வயர்கள் இருக்கும். பில்ஜ் பம்ப் (படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றுவது) அப்படித்தான் இருக்க வேண்டும், அதைத் துண்டிக்காதீர்கள். ஆனால் தண்ணீர் ஏறினால் அதை ஓட்டிவிடும் ஃப்ளோட் சுவிட்சில் குப்பை சிக்கி, தண்ணீரே இல்லாமல் பம்ப் ஓடுகிறதா என்று பாருங்கள். ரேடியோவின் நினைவக வயரும் குடிக்கும். நெகட்டிவ் வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைத்து அளக்கலாம் (அந்த நிலையில் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள், மீட்டர் போய்விடும்). 50 மில்லிஆம்பியர் காட்டினால் சின்னதாகத்தான் தோன்றும். ஒரு நாளைக்கு 1.2 ஏ.எச். (ஆம்பியர்-மணி), மாதத்துக்கு 36. கணக்கு சரியாக வருகிறதா?

கேள்வி: ஈய பேட்டரியை எடுத்துவிட்டு அதே இடத்தில் லித்தியம் வைத்தேன். 'அப்படியே மாட்டலாம்' என்றுதான் சொன்னார்கள். ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்ற மின்சாரம் தரும் கருவி) கருகிவிட்டது.

பதில்: அந்த 'அப்படியே'யில்தான் வியாபாரமே நடக்கிறது. ஈய பேட்டரி நிரம்ப நிரம்ப, வாங்குவதைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் கடைசிவரை கொடுத்ததையெல்லாம் இழுக்கும். ஆல்டர்னேட்டர் மணிக்கணக்கில் முழு லோடில் ஓடும்படி செய்யப்பட்டதல்ல, அதுவும் குறைந்த வேகத்தில் விசிறிக் காற்றும் போதாது. இன்னொன்றும் உண்டு. பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று திடீரென்று துண்டித்தால், ஆல்டர்னேட்டரில் வோல்ட் எகிறி டயோடு போகும். நடுவில் ஒரு டிசி-டிசி சார்ஜர் (லித்தியத்துக்குப் போகும் மின்சாரத்தை அளவோடு விடும் கருவி) வேண்டும் என்று விற்றவர் சொல்லியிருக்க வேண்டும். 'அப்படியே மாட்டலாம்' என்பது எழுத்தில் எங்காவது இருந்தால் அதைக் காட்டி ஆல்டர்னேட்டர் செலவைக் கேளுங்கள். வாய்வார்த்தைதான் என்றால் கஷ்டம்.

கேள்வி: என் பெட்ரோல் இன்போர்டுக்கு (படகுக்குள் பொருத்திய எஞ்சின்) கார் ஆல்டர்னேட்டர் அச்சாகப் பொருந்துகிறது. மரைன் ஆல்டர்னேட்டர் விலையில் பாதிகூட இல்லை. போடலாம்தானே?

பதில்: கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, எஞ்சின் அடியில் போய்த் தேங்கும். கார் ஆல்டர்னேட்டரின் பிரஷில் பறக்கும் பொறி அதைப் பற்றவைக்கலாம். மரைன் ரகம் அந்தப் பொறி வெளியே வராதபடி செய்யப்பட்டது, கூடுதல் விலை அதற்குத்தான். வாங்கிவிட்டீர்கள் என்றால், பெட்டியைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுங்கள்.