‘ரிப்போர்ட் எல்லாம் நார்மல்’: பிறகும் ஏன் வலிக்கிறது?

உடல் உபாதையும் மனநலமும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த வாரம் பதில் தருகிறோம்.

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 43. நாலு மாதமாகத் திடீர் திடீரென்று நெஞ்சு இறுக்குகிறது. படபடப்பு வந்து விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது. இரண்டு முறை எமர்ஜென்சிக்கு ஓடினேன். இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது, ‘ஒன்றுமில்லை, மனசுதான்’ என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் ‘நடிக்கிறாள்’ என்கிறார்கள். எனக்கு என்னதான் நோய்?
— வாசகி, செந்தூல்

பதில்: நீங்கள் நடிக்கவில்லை, அம்மா. இ.சி.ஜி. சரியாக இருந்தால், அந்த நேரத்தில் மாரடைப்புக்கான அடையாளம் தெரியவில்லை என்று பொருள். உங்களுக்கு வலிக்கவில்லை என்று அது சொல்லவில்லை. ‘ஒன்றுமில்லை’ என்ற ஒற்றைச் சொல்லோடு நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது அரைகுறை வைத்தியம்.

உங்கள் கடிதத்தில் முக்கியமான துப்பு விரல் மரப்பதுதான். பயம் எழும்போது அட்ரினலின் சுரந்து இதயத்தை விரட்டுகிறது. நம்மை அறியாமலே மூச்சும் வேகமாகிறது. வேகமாக மூச்சுவிட்டால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை, ரத்தத்தில் உள்ள கரியமில வாயுதான் அளவுக்கு மீறிக் குறைகிறது. அது குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கித் தலை கிறுகிறுக்கும், விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரக்கும். ஓயாமல் உழைக்கும் விலாத் தசைகள் இறுகி வலிக்கும். ‘மூச்சு பத்தவில்லையே’ என்று இன்னும் இழுத்து இழுத்து விடுவீர்கள், அதனால் எல்லாமே கூடும். பேனிக் அட்டாக் எனும் திடீர்ப் பயத் தாக்குதல் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. சுமார் 10 நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கும்.

அது வரும்போது உட்கார்ந்து, ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கு வழியாக 4 எண்ணும்வரை மூச்சை இழுங்கள். வயிறு கையைத் தள்ள வேண்டும், தோள் உயரக் கூடாது. பிறகு உதட்டைக் குவித்து, 6 எண்ணும்வரை மெல்ல விடுங்கள். இப்படி 5 நிமிடம். பலர் இங்கேதான் தவறுகிறார்கள்: நெஞ்சு நிறைய இழுக்கிறார்கள். ஆழமாக இழுக்க வேண்டியதில்லை, மெதுவாக விட்டால் போதும். இன்னொன்று, தாக்குதல் வந்த பிறகு முதல்முறையாக முயன்றால் கைகொடுக்காது. நன்றாக இருக்கும் நாளிலேயே காலையும் இரவும் பழகுங்கள். பைக்குள் மூச்சுவிடும் பழைய வைத்தியம் வேண்டாம், உண்மையில் இதயக் கோளாறாக இருந்தால் அது ஆபத்து.

இதை ‘மனசு’ என்று முத்திரை குத்துமுன் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்தார்களா என்று கேளுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் இதே படபடப்பு, இதே நடுக்கம் வரும். ஹீமோகுளோபின் குறையும் ரத்தசோகையிலும் நெஞ்சு படபடவென்று அடிக்கும். அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டணத்தில் டாக்டரைப் பார்க்கலாம். இரண்டும் சரியென்றால், பேச்சு வழிச் சிகிச்சையும் தேவைப்பட்டால் பதற்றத்தைத் தணிக்கும் செர்ட்ராலின் போன்ற மாத்திரையும் நல்ல பலன் தரும். மாத்திரையின் முதல் இரண்டு வாரத்தில் குமட்டல் வரலாம், பதற்றம்கூடச் சற்றுக் கூடலாம். பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். ஐந்தாம் நாளே ‘ஒத்துக்கவில்லை’ என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

வலி தாடைக்கோ கைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், படி ஏறும்போது வந்து, ஓய்வெடுத்ததும் அடங்கினால், ‘பேனிக்தான்’ என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். வலி அடங்காமல் இருந்தால் உடனே அவசர எண் 999-ஐ அழையுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் இரட்டைக் கவனம் வேண்டும்.

கேள்வி: பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, 12 மணி நேர ஷிப்ட். தினமும் தலையைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குவது போல வலி. பனடோல் போடாமல் வேலைக்குப் போகமுடியவில்லை. கடன் தொல்லை இருக்கிறது, ஆனால் மனசுக்கு ஒன்றுமில்லை. கண்ணாடி மாற்றியும் பார்த்துவிட்டேன்.
— வாசகர், பினாங்கு

பதில்: தம்பி, பனடோலே இப்போது வலியை வளர்க்கிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் வலி மாத்திரை போட்டால், அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும். காலண்டரில் மாத்திரை போட்ட நாள்களை வட்டமிடுங்கள். எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் டாக்டர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். நிறுத்திய முதல் வாரம் வலி முன்பைவிடக் கூடும், அதற்கு எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கேட்டு வாங்குங்கள். இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் எழுதிக்கொடுத்தால் ‘பைத்திய மாத்திரை’ என்று பயப்படாதீர்கள். அந்தக் குறைந்த அளவில் அது வலித் தடுப்பு மருந்து.

‘மனசுக்கு ஒன்றுமில்லை’ என்றீர்கள். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்களா, காலையில் தாடை வலிக்கிறதா, சம்பள நாள் நெருங்க வலி கூடுகிறதா என்று கவனியுங்கள். ஆம் என்றால் கடன் விஷயத்தையும் டாக்டரிடம் சொல்வது சிகிச்சையில் சேர்த்திதான். இடி விழுந்தாற்போல் திடீர்த் தலைவலி, கைகால் பலவீனம், காய்ச்சலோடு கழுத்து இறுக்கம் இருந்தால் எதற்கும் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: அப்பாவுக்கு 67. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபோர்மின். வெள்ளிக்கிழமை தவறாமல் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போனவர், இப்போது வாசல் தாண்டுவதில்லை. அசதி, கால் எரிச்சல், விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு. சாப்பாடு இறங்கவில்லை. உறவினர்கள் செய்வினை என்கிறார்கள்.
— வாசகி, ஜார்ஜ்டவுன்

பதில்: அப்பா வயதுக்காரர்கள் ‘மனசு சரியில்லை’ என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கால் வலி, பசியின்மை, அசதி என்றுதான் சொல்வார்கள். விடிகாலை விழிப்பும் ஆசைப்பட்டதை விட்டுவிடுவதும் மனச்சோர்வுக்கான பலமான அறிகுறிகள். ஆனால் நீண்டகாலம் மெட்ஃபோர்மின் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையும். அதிலும் அசதி, கால் எரிச்சல், மனத்தளர்ச்சி எல்லாம் வரும். ஆகவே பி12, தைராய்டு, ஹீமோகுளோபின், சிறுநீரகப் பரிசோதனைகளோடு, பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தையும் கேளுங்கள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய கேள்விகள்தாம். மொத்த மதிப்பெண் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டர் விரிவாக விசாரிக்க வேண்டும்.

மனச்சோர்வைக் கவனிக்காமல் விட்டால் மாத்திரை தவறும், சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினால் அசதி இன்னும் கூடும். உறவினர்களோடு வாதாட வேண்டாம். அர்ச்சனை செய்வதானால் செய்யட்டும், கிளினிக் நாள் மட்டும் தள்ளிப்போகக் கூடாது.

தனியாக இருக்கும்போது, ‘அப்பா, வாழ்ந்தது போதும்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ‘ஆமாம்’ என்றால் அவரைத் தனியே விடாதீர்கள், மாத்திரைகளை உங்கள் வசம் வைத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். மனம்விட்டுப் பேசுவதற்கு ஹீல் 15555, பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 என்ற உதவித் தொலைபேசி எண்கள் இருக்கின்றன; பிஃப்ரெண்டர்ஸ் இருபத்துநாலு மணி நேரமும் இயங்குகிறது. கிளினிக் போகும்போது சர்க்கரைப் புத்தகம், எல்லா மாத்திரை அட்டைகள், கடைசியாக எப்போது நன்றாகச் சாப்பிட்டார், தூங்கினார் என்ற குறிப்பு ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.