ஷிஃப்ட் மாறும் வேலையில் ஜெப வேளை

கேள்வி: தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். ஒவ்வொரு புத்தாண்டு ஆராதனையிலும், தினமும் காலை நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிப்பதாகத் தீர்மானம் எடுக்கிறேன். பொங்கலுக்குள் நின்றுவிடுகிறது. உட்கார்ந்தால் தூக்கம், இல்லாவிட்டால் போன். என்ன செய்யலாம்?
– ஒரு சகோதரி, நாகர்கோவில்

பதில்: அன்புச் சகோதரி, உங்களைக் கவிழ்ப்பது அந்த நாலு மணிதான். நைட் டியூட்டி வாரத்தில் அந்நேரம் வார்டில் நிற்பீர்கள். மதிய ஷிஃப்ட் என்றால் படுத்தே சில மணி நேரம்தான் ஆகியிருக்கும். இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்ததாக மாற்கு 1:35 சொல்கிறது, சரி. அதே மாற்கு 6-ஆம் அதிகாரத்தில் ஜனங்களை அனுப்பிவிட்டு மாலையில் மலைக்குப் போகிறார். லூக்கா 6:12-இல் இரா முழுவதும் ஜெபிக்கிறார்.

ஆகவே கடிகாரத்தை விடுங்கள். தூங்கி எழுந்து முகம் கழுவியதும், காபிக்கு முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். நைட் முடித்துத் தூங்கி மத்தியானம் இரண்டு மணிக்கு எழுந்தாலும், அன்றைக்கு அதுவே காலை ஜெபம்.

முதல் மாதம் பத்து நிமிடம் போதும். உற்சாகமான ஒரு நாளில் நாற்பது நிமிடம் இருந்துவிட்டால், மறுநாள் அதை நினைத்தே மலைப்பு வரும்.

வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து நாளைக்கு ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். மனதுக்குள் வாசித்தால் கண் வரியில் ஓடும், மனசு வேறெங்கோ இருக்கும். 119-ஆம் சங்கீதத்தில் 176 வசனம். எட்டெட்டாக 22 நாளைக்குப் பிரியுங்கள். 78-ஆம் சங்கீதமும் நீளம், அதை இரண்டு நாளாக்கலாம். இப்படிப் போனால் 150-ம் முடிய ஆறு மாதத்துக்குச் சற்றுக் குறைவாகும். வாசித்ததில் மனதில் தைத்த ஒரு வரியை எடுத்து உங்கள் சொந்த வார்த்தையில் ஜெபமாக்குங்கள்.

அடுத்தது பிறருக்கான ஜெபம். ஒரு சின்ன நோட்டில் கிழமைக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஐந்து பெயர். எல்லாரையும் தினமும் சொல்லப் போனால் வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுப்பதுபோல ஆகிவிடும். விண்ணப்பம் எழுதிய தேதியைப் பக்கத்திலேயே குறியுங்கள். பதில் கிடைத்த தேதிக்கு இடம் விடுங்கள். கடைசியில், இயேசு கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபம்.

கட்டிலில் உட்காராதீர்கள். லைட்டைப் போட்டு, நாற்காலியிலோ தரையில் முழங்காலிலோ இருங்கள். தூக்கம் சொக்கினால் மொட்டைமாடியில் நடந்துகொண்டே ஜெபிக்கலாம், தவறில்லை. போனில் வேதம் வாசிக்க வேண்டாம். வசனம் தேடப் போன விரல் வாட்ஸ்அப்பில் நிற்கும். அச்சு வேதாகமமும் ஒரு மேஜைக் கடிகாரமும் போதும். ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வருமென்றால், ரிங் சத்தத்தைக் கூட்டி போனை அடுப்படியில் வையுங்கள்.

டியூட்டியிலும் ஒரு வழி உண்டு. சோப்புப் போட்டுக் கை கழுவ 40 முதல் 60 விநாடி என்பது உங்களுக்குத் தெரிந்த கணக்கு. கர்த்தருடைய ஜெபத்தை நிதானமாகச் சொல்ல அது போதும். ஷிஃப்ட் தொடக்கத்தில் ஒரு முறை, ஹேண்டோவருக்கு முன் ஒரு முறை. ஒவ்வொரு தடவையும் சொன்னால் நேரம் அளக்கும் கருவியாகிவிடும்.

எடுத்த தீர்மானம் பொருத்தனையாயிற்றே, கடவுளுக்குக் கொடுத்த வாக்காயிற்றே என்ற பயம் இருந்தால், போதகரிடம் பேசிவிடுங்கள். மனதில் போட்டு உழப்ப வேண்டாம். வீட்டுக் குடும்ப ஜெபத்துக்கு இருக்கிற நாளில் போய் உட்காருங்கள், நைட் வாரத்தில் அவர்கள் உங்களுக்காக ஜெபிக்கட்டும்.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு மடங்காக ஈடுகட்டாதீர்கள். பாக்கி சேரச் சேர வேதாகமத்தைத் திறக்கவே கூச்சம் வரும். சங்கீதத்தை அடையாளம் வைத்த இடத்திலிருந்து தொடருங்கள். பெயர்களை மட்டும் அன்றைய கிழமைப் பக்கத்திலிருந்து எடுங்கள்.