ப்ரீசெட் போட்டதும் முகம் ஏன் ஆரஞ்சாகிறது?

கேள்வி: படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளுக்காக 60 ப்ரீசெட் கொண்ட ஒரு தொகுப்பு வாங்கினேன். விற்றவர் காட்டிய மாதிரிப் படங்கள் அவ்வளவு அழகு. என் படங்களில் போட்டால் அந்த அழகு வரவே இல்லை. பகலில் வெளியே எடுத்தவை பரவாயில்லை. அரங்குக்குள் விளக்கொளியில் எடுத்தவற்றில் முகமெல்லாம் ஆரஞ்சு, நிழலெல்லாம் சாம்பல். ஒரு நிகழ்ச்சியின் 200 படங்களை ஒரே தோற்றத்தில் கொடுக்க வேண்டும். பெரும்பாலானவை கேமராவில் எடுத்த, பதப்படுத்தாத ரா ஃபைல்கள். கொஞ்சம் கைபேசியில் எடுத்த ஜேபெக். வேறு ப்ரீசெட் வாங்கலாமா, இல்லை லைட்ரூமோடு இணைக்கும் நல்ல பிளக்-இன் மென்பொருள் ஒன்று வாங்கினால் தீருமா?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள். உங்களிடம் இருக்கும் தொகுப்பு மட்டம் என்று சொல்லிவிட முடியாது. வேறு எதை வாங்கியிருந்தாலும் அந்த அரங்குப் படங்களில் கிட்டத்தட்ட இதேதான் நடந்திருக்கும்.

ப்ரீசெட் என்றால் என்னவென்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். தொகுப்பிலிருந்து ஏதாவது ஓர் எக்ஸ்எம்பி ஃபைலை எடுத்து நோட்பேடில் திறந்து பாருங்கள். திறக்கும், உள்ளே இருப்பது வெறும் எழுத்துதான். எக்ஸ்போஷர் (மொத்த வெளிச்சம்) இவ்வளவு, கான்ட்ராஸ்ட் இவ்வளவு, ஷேடோ இவ்வளவு, ஆரஞ்சின் சாச்சுரேஷன் (நிற அடர்த்தி) இவ்வளவு என்று வரிசையாக எண்கள். யாரோ ஒருவர் தன் படத்தைத் தனக்குப் பிடித்த மாதிரி திருத்தி முடித்தபோது ஸ்லைடர்கள் நின்ற இடங்களைக் குறித்து வைத்த சீட்டு அது. உங்கள் படத்தில் யார் நிற்கிறார்கள், என்ன வெளிச்சம் என்றெல்லாம் அதற்குத் தெரியாது. ஆளையும் வானத்தையும் தானே அடையாளம் கண்டு மாஸ்க் போட்டு, அதாவது அந்தப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்துத் திருத்தும் புது வகை ப்ரீசெட்டுகளும் இருக்கின்றன. அவை எங்கே திருத்துவது என்பதைத்தான் கண்டுபிடிக்கின்றன. எவ்வளவு திருத்துவது என்பது அங்கேயும் முன்பே எழுதி வைத்த எண்தான்.

சரி, ஆரஞ்சு முகத்துக்கு வருவோம். திறந்து வைத்த அதே ஃபைலில் வெப்பநிலை, அதாவது டெம்பரேச்சர் என்ற வரி இருக்கிறதா, அதற்குப் பக்கத்தில் 5500 போல ஓர் எண் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் திருடன் அகப்பட்டான். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின். மஞ்சள் விளக்கொளி 2700 முதல் 3200 கெல்வின் வரை. அரங்குக்குள் எடுத்தபோது உங்கள் கேமரா ஏறக்குறைய 3000 என்று சரியாகவே கணித்து ரா ஃபைலில் எழுதியிருக்கும். ப்ரீசெட் வந்து அதை அழித்து 5500 என்று எழுதிவிடுகிறது. லைட்ரூமும் அதை நம்பி, படம் பகலில் எடுத்ததென்று எண்ணி, விளக்கின் மஞ்சளைக் கழிக்காமல் அப்படியே விட்டுவிடுகிறது. வெளியே எடுத்த படங்கள் தப்பித்ததும் இதனால்தான். ஜேபெக்கில் கெல்வின் கணக்கே கிடையாது. அங்கே இருப்பது 100 இந்தப் பக்கம், 100 அந்தப் பக்கம் நகரும் ஒப்பீட்டு அளவு மட்டும். ஆகவே ஒரே ப்ரீசெட் ராவில் ஒரு மாதிரியும் கைபேசிப் படத்தில் வேறு மாதிரியும் நடந்துகொள்வதில் ஆச்சரியம் இல்லை.

அந்த வரி இல்லையா? அப்படியானால் தோல் நிறத்தைத் தொடும் மற்ற இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, நிறங்களைத் தனித்தனியே திருத்தும் கலர் மிக்ஸரில் ஆரஞ்சு. வெளுப்போ மாநிறமோ கறுப்போ, மனிதத் தோல் பெரும்பாலும் இந்த ஒரு நிறத்துக்குள்தான் வந்து விழும். இன்னொன்று, கீழே கேலிபரேஷனில் நீலத்தின் ஹியூ, அதாவது நிறச்சாயல். கடலும் வானமும் மயில்நீலமாக, முகம் பொன்னிறமாகத் தெரியும் அந்தப் பிரபலமான தோற்றத்துக்கு நீல ஹியூவை இடப்பக்கம் ஓங்கித் தள்ளுவார்கள். அது படத்தின் எல்லா நிறங்களையும் சேர்த்து இழுக்கும். ஏற்கெனவே மஞ்சளாக இருக்கும் படத்தில் கேட்கவே வேண்டாம். இதற்கு நேரெதிரான தொல்லையும் உண்டு. வெளுத்த தோலை இன்னும் பளிச்சென்று காட்ட ஆரஞ்சின் லூமினன்ஸை (அந்த நிறத்தின் வெளிச்சத்தை) ஏற்றி சாச்சுரேஷனை இறக்கிய ப்ரீசெட்டுகள் ஏராளம். மாநிறத்திலும் கறுப்பிலும் அவற்றைப் போட்டால் முகத்தில் திருநீறு பூசினாற்போல ஒரு சாம்பல் படியும். ஆரஞ்சின் இந்த இரண்டு ஸ்லைடரையும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். பல சமயம் ஆள் உயிரோடு திரும்பி வந்துவிடுவார்.

நிழல் சாம்பலாவதற்குக் காரணம் வேறு. இருட்டு முதல் வெளிச்சம் வரை ஒரு கோடாகக் காட்டும் டோன் கர்வைத் திறந்தால் கோட்டின் இடது நுனி மூலையில் ஒட்டாமல் கொஞ்சம் மேலே தூக்கி நிற்பதைப் பார்ப்பீர்கள். பழைய அச்சுப் படம் போல மங்கிய கறுப்பு வேண்டுமென்று இப்படித் தூக்குவார்கள். நன்றாக வெளிச்சம் விழுந்த படத்தில் அசல் கறுப்பு கொஞ்சம்தான் இருக்கும், எனவே அது ஓரமாக ஒரு மென்மையாகத் தெரியும். ஒரு ஸ்டாப்போ ஒன்றரை ஸ்டாப்போ (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) இருட்டாக எடுத்த படத்தில் பாதிப் படமே அந்தத் தூக்கிய பகுதிக்குள் விழுந்துவிடும். அப்போது மென்மை போய்ப் புகைமூட்டம்தான் மிஞ்சும். முதலில் எக்ஸ்போஷரை ஏற்றுங்கள். அதற்குப் பிறகும் மூட்டம் இருந்தால் அந்த நுனியைப் பிடித்து மூலைக்கு இறக்குங்கள்.

ப்ரீசெட்டுக்கு முன்னால் திருத்துவதா, பின்னால் திருத்துவதா என்று எடிட் செய்கிறவர்களுக்குள் ஓயாத ஒரு வாதம் உண்டு. லைட்ரூமைப் பொறுத்தவரை அடிப்படை ஸ்லைடர்களில் எதை முதலில் நகர்த்தினீர்கள் என்பதால் படம் மாறாது. கடைசியில் எந்த எண்ணில் நிற்கிறது என்பதுதான் கணக்கு. ஃபோட்டோஷாப்பில் ஒரே லேயரின் (அடுக்கின்) மேல் நேரடியாக வேலை செய்தால் வரிசை முக்கியம், ஏனென்றால் ஒவ்வொரு திருத்தமும் முந்தையது விட்டுச்சென்றதன் மேல்தான் விழுகிறது. ஆனால் லைட்ரூமிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நீங்கள் பாடுபட்டுச் சரிசெய்த ஒயிட் பேலன்ஸை, அதாவது விளக்கின் நிறத்தைக் கழிக்கும் அமைப்பை, பிறகு போடும் ப்ரீசெட் ஒரே கிளிக்கில் மேலெழுதிவிடும்.

அதனால் நான் செய்வது இது. தொகுப்பில் மனதுக்குப் பிடித்த இரண்டு மூன்றை மட்டும் எடுத்து, ஒரு படத்தில் போட்டு, அதைப் புதிய ப்ரீசெட்டாக வேறு பெயரில் சேமிப்பேன். சேமிக்கும்போது வரும் பட்டியலில் ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர், நாய்ஸ் (இருட்டுப் படத்தில் தெரியும் புள்ளிகள்) குறைப்பு, லென்ஸ் திருத்தம் இவற்றின் டிக்கை எடுத்துவிடுவேன். இவை நான்கும் அந்தந்தப் படத்தின் சொந்த விஷயம், இன்னொருவர் சீட்டில் இருக்கக் கூடாது. மீதி இருப்பது கர்வ், நிறக் கலவை, கலர் கிரேடிங். நீங்கள் தொகுப்பு வாங்கியதும் அந்தத் தோற்றத்துக்காகத்தானே. இப்படிச் சேமித்ததை எத்தனை முறை போட்டாலும் நீங்கள் திருத்திய வெளிச்சம் கலையாது.

இனி அந்த 200 படங்கள். அவற்றை எடுத்த நேரப்படி பார்க்காமல் வெளிச்சப்படி பிரியுங்கள். வெளியே வெயில், வெளியே நிழல், அரங்கின் மஞ்சள் விளக்கு, மேடை விளக்கு என்று ஐந்தாறு குவியல்தான் வரும். ஒவ்வொரு குவியலிலும் முகம் தெளிவாகத் தெரியும் ஒரு படத்தைத் தேர்ந்து அதை மட்டும் கவனமாகத் திருத்துங்கள். ஒயிட் பேலன்ஸ் சொட்டுக்குழலால் நடுநிலைச் சாம்பலான ஓர் இடத்தைத் தொடுவது நல்லது. வெள்ளைச் சட்டையைத் தொடச் சொல்லுவார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வெள்ளைத் துணியில் பெரும்பாலும் பளிச்சிட வைக்கும் சாயம் இருக்கும், அது நீலம் சாய்ந்து காட்டும், அந்த நீலத்தைக் கழிக்கப்போய் முகம் மறுபடி மஞ்சளாகும். வெளிச்சத்தில் வெந்துபோன வெள்ளையைத் தொட்டால் அங்கே நிறத் தகவலே இருக்காது. நிழலில் இருக்கும் சாம்பல் சுவர், தூண், ஒலிபெருக்கிப் பெட்டி என்று ஏதாவது கிடைக்கும். அடுத்த முறை நிகழ்ச்சி தொடங்கும்முன் அதே விளக்கில் ஒரு சாம்பல் அட்டையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இந்தத் தேடலே வேண்டாம்.

ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் மஞ்சள் விளக்கு என்று இருக்கும் படத்துக்குச் சரியான ஒரே எண் என்று ஒன்று இல்லை. முகத்துக்குச் சரியாக வையுங்கள். மறுபக்கத்துக்கு மாஸ்க் போட்டு அங்கே மட்டும் வெப்பநிலையை மாற்றுங்கள். எல்இடி விளக்கில் சில சமயம் முகம் பச்சையடிக்கும். அப்போது வெப்பநிலையோடு மல்லுக்கட்டாமல் டின்ட் ஸ்லைடரை மெஜந்தா பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள்.

மாதிரிப் படம் சரியானதும் அதன் அமைப்புகளை அந்தக் குவியல் முழுவதற்கும் சின்க் செய்யுங்கள், அதாவது நகலெடுத்துப் போடுங்கள். ஒரே விளக்கில் ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் (ஒளி உணர்திறனையும்) மாற்றி மாற்றி எடுத்திருந்தால், லைட்ரூம் கிளாசிக்கில் 'மேட்ச் டோட்டல் எக்ஸ்போஷர்ஸ்' என்ற கட்டளை கேமரா பதிந்த எண்களைப் படித்து வெளிச்சத்தைச் சமன்செய்யும். விளக்கே கூடிக்குறைந்திருந்தால் அதனால் பயனில்லை. ஆட்டோ சின்க் பொத்தானில் மட்டும் ஒரு கண் இருக்கட்டும். அது இயங்குவது தெரியாமல் ஒருமுறை ஒரே ஒரு படத்தை வெட்டுவதாக நினைத்து, தேர்வில் இருந்த அத்தனை படங்களிலும் தலையை வெட்டி வைத்தேன். நல்லவேளை, லைட்ரூம் அசல் ஃபைலைத் தொடுவதில்லை.

இதெல்லாம் முடிந்த பிறகு ப்ரீசெட்டைப் போடுங்கள். மேலே அமவுன்ட் ஸ்லைடர் தெரியும். 100-இல் இருப்பதை 60 வரை இறக்கிப் பாருங்கள். மாதிரிப் படத்தில் கண்ணைப் பறித்த வேகம் ஒரு படத்துக்குச் சரி. அதுவே 200 படத்தில் தொடர்ந்து வந்தால் சலிக்கும்.

கைபேசி ஜேபெக்குகள் ஏற்கெனவே சமைத்து இறக்கியவை. கைபேசியே நிழலைத் தூக்கி, கான்ட்ராஸ்ட் கூட்டி, ஓரங்களைக் கூராக்கிக் கொடுத்துவிட்டது. ராவுக்காகச் செய்த ப்ரீசெட் அதன் மேல் இன்னொரு முறை அதையே செய்யும். போதாததற்கு, ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384. வானத்திலும் சுவரிலும் பட்டை பட்டையாகத் தெரிவது இந்தப் பற்றாக்குறையால்தான். இவற்றுக்கு அமவுன்ட் 30, 40 போதும், நடு ஒளியின் கான்ட்ராஸ்டைக் கூட்டும் கிளாரிட்டியை எடுத்துவிடுங்கள். கேமராப் படத்தோடு அச்சுப்போல ஒத்துப்போக வைக்க முயன்று ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிளக்-இன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் சிக்கலை அது தீர்க்காது, காரணம் அது தன்னிடம் வந்துசேரும் படத்தின் மேல்தான் வேலை செய்கிறது. ஆரஞ்சு முகத்தை அனுப்பினால் ஃபிலிம் கிரெயின் போட்ட ஆரஞ்சு முகம் திரும்பி வரும். இன்னொரு கணக்கும் இருக்கிறது. லைட்ரூமிலிருந்து பிளக்-இன்னுக்கு அனுப்பும்போது வழக்கமாக டிஃப் (TIFF) வடிவில் நகல் ஒன்று உருவாகும். 24 மெகாபிக்சல் படம் 16 பிட் டிஃப்பானால், சுருக்காத நிலையில் சுமார் 144 எம்பி. 200 படம் என்றால் கிட்டத்தட்ட 29 ஜிபி. அது மட்டுமா, அந்த நகலில் நிறங்கள் உறைந்துவிடும். பிறகு ஒயிட் பேலன்ஸ் தவறென்று தெரிந்தால் ராவுக்குத் திரும்பி எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். ஃபோட்டோஷாப் வழியாகப் போவதானால் லேயரை, அசலைக் காத்து வைக்கும் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிவிட்டுப் பிளக்-இன்னைத் திறங்கள். ஸ்மார்ட் ஃபில்டராக இயங்கும் பிளக்-இன் என்றால் அதன் அமைப்புகளைப் பிறகும் மாற்றலாம்.

அதற்காகப் பிளக்-இன்னே வீண் என்று சொல்லவில்லை. கறுப்பு வெள்ளைக்கு நிக் கலெக்‌ஷனில் இருக்கும் சில்வர் எஃபெக்ஸை நான் இன்னும் விடவில்லை. கூகுள் 2012-இல் வாங்கி, 2016-இல் இலவசமாக்கி, 2017-இல் டிஎக்ஸ்ஓவுக்குக் கைமாற்றிய தொகுப்பு அது. இப்போது மறுபடி காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மேடை இருட்டில் அதிக ஐஎஸ்ஓவில் எடுத்த சில படங்களுக்கு நாய்ஸ் குறைக்கும் கருவியும் உதவும். ஆனால் அதை ராவின் மேல், எல்லாவற்றுக்கும் முதலில் ஓட்டுங்கள். ப்ரீசெட் நிழலைத் தூக்கிய பிறகு ஓட்டினால் புள்ளிகளும் சேர்ந்து பெருத்திருக்கும்.

கடைசியாகத் திரை. ராத்திரி மஞ்சளாகும் நைட் லைட் இயங்கிக்கொண்டிருக்கும் திரையில் எடிட் செய்திருந்தால் மேலே சொன்னது அத்தனையும் விரயம். அதை அணைத்துவிடுங்கள். திரையின் வெளிச்சத்தையும் ஒரே அளவில் நிறுத்துங்கள். முழு வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்த படம் அச்சில் இருட்டாகத்தான் வரும். கைபேசியிலும் இணையத்திலும் பார்க்கப்போகிறவர்களுக்கு எஸ்ஆர்ஜிபி என்ற நிற வரம்பில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அதைவிட அகன்ற அடோபி ஆர்ஜிபியில் அனுப்பினால், நிறச் சுயவிவரத்தைப் படிக்காத செயலிகளில் முகங்கள் வெளிறித் தெரியும்.

எக்ஸ்போர்ட்டுக்கு முன் கிரிட் பார்வைக்குப் போய், 200 படங்களையும் நகத்தளவுக்குச் சுருக்கி, திரையிலிருந்து ஓர் அடி பின்னால் சாய்ந்து உட்கார்ந்து பாருங்கள். பெரிதாகத் திறந்து பார்க்கும்போது கண் பழகிப்போய்த் தெரியாமல் போன மஞ்சளும் இருட்டும் அங்கே பளிச்சென்று தனியாகத் தெரியும். எந்தப் படத்தில் கண் இடறுகிறதோ அதை மட்டும் திறந்து, ஒயிட் பேலன்ஸையும் எக்ஸ்போஷரையும் தொட்டால் போதும். ப்ரீசெட்டை மாற்ற வேண்டாம்.