5,000 ரூபாயில் வீடு புதுசாகுமா?

கேள்வி: தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. பொங்கலுக்கு என் தம்பி குடும்பம் முதல் முறையாக எங்கள் வீட்டில் வந்து தங்கப் போகிறது. வீடு எட்டு வருடமாக அப்படியே கிடக்கிறது. கையில் 5,000 ரூபாய்தான் இருக்கிறது. என்ன வாங்கலாம்?

பதில்: முதல் ஞாயிற்றுக்கிழமை எதுவும் வாங்காதீர்கள். அன்றைக்கு எடுக்கிற வேலை மட்டும் செய்யுங்கள். ஹால் சுவரில் எத்தனை காலண்டர் தொங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். மளிகைக் கடை கொடுத்தது, நகைக்கடை கொடுத்தது, சென்ற வருடத்து முருகர் படம் என்று நாலு இருக்கும். ஒன்று போதும். பீரோ மேல் ஏற்றிய பெட்டி, ஃப்ரிட்ஜ் மேல் சேர்ந்த மருந்துச் சீட்டு, டிவி பக்கத்தில் ஓடாத கடிகாரம் எல்லாம் கீழே இறங்கட்டும். பிறகு ஒட்டடை, ஜன்னல் கம்பி, மின்விசிறி இறக்கை. கடைசியாக மெயினை அணைத்துவிட்டு சுவிட்ச் போர்டையும் அதைச் சுற்றியுள்ள சுவரையும், சோப்புத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள். வருகிறவர் கண் முதலில் படுகிற இடங்களில் அந்தக் கருப்புக் கைரேகையும் ஒன்று. உலர்ந்த பிறகு மெயினைப் போடுங்கள்.

அடுத்தது வெளிச்சம். நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே ஒரு டியூப்லைட், அதுவும் வெள்ளை வெளேர் என்று. பல்பு அட்டையில் 6500K என்று போட்டிருந்தால் அந்த வெள்ளை. 2700K அல்லது 3000K என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள் ஒளி. கடையில் 'வார்ம் ஒயிட்' என்று கேளுங்கள். ஒன்பது வாட் பல்பு இரண்டு வாங்கி, ஒன்றை ஹாலில் உட்காருகிற இடத்திலும் இன்னொன்றைப் படுக்கையறையிலும் போடுங்கள். சாயங்காலம் டியூப்லைட்டை அணைத்துவிட்டு அதை மட்டும் எரியவிட்டால் அதே சுவர், அதே நாற்காலி வேறு மாதிரி தெரியும். செலவு 300 ரூபாய்க்குள். சமையலறைக்கும் பிள்ளைகள் படிக்கிற இடத்துக்கும் வெள்ளை ஒளியே இருக்கட்டும்.

திரைச்சீலைக்குக் கடைக்குப் போகாதீர்கள். உங்கள் அலமாரியில் கட்டாமல் கிடக்கும் பருத்திச் சேலை ஐந்தாறாவது இருக்கும். சேலை ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி. மூன்றாக வெட்டினால் ஆறடி வீதம் மூன்று துண்டு. மேலே கம்பி நுழைக்கவும் கீழே மடித்துத் தைக்கவும் விட்டது போக ஐந்தடி ஜன்னலுக்குச் சரியாக வரும். இரண்டாக வெட்டினால் ஒன்பது அடி, வாசற்கதவுத் திரைக்குப் போதும். அகலம் ஏறக்குறைய 45 அங்குலம். நாலடி ஜன்னலுக்கு இரண்டு துண்டு தொங்கவிட்டால் ஜன்னலைப் போல ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல் துணி கிடைக்கும். அந்த அளவு இருந்தால்தான் மடிப்பு விழும். துணி இழுத்துக் கட்டியது போல விறைத்து நின்றால் எவ்வளவு விலையுள்ள திரையும் ஏழைத் திரைதான். ஒன்று கவனியுங்கள், வெட்டுவதற்கு முன்னால் ஒரு முறை நனைத்துக் காயவைத்துவிடுங்கள். சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். முந்தானை வருகிற துண்டை, முந்தானை ஓரம் கீழே வருமாறு தைக்கச் சொல்லுங்கள். போன வருடம் என் அம்மாவின் பச்சைச் சுங்குடிச் சேலையை இப்படித்தான் தைத்தேன். எங்கள் தெருத் தையல்காரர் துண்டுக்கு 60 ரூபாய் வாங்கினார். காலை வெயில் அதன் வழியாக விழும்போது அறை முழுக்கப் புள்ளி புள்ளியாக நிழல். அதற்காகவே நான் அந்த அறையில் காபி குடிக்கிறேன்.

இதுவரை ஆயிரத்துக்குள் முடிந்திருக்கும். மீதியைக் கைக்கும் காலுக்கும் படுகிற பொருளில் போடுங்கள். சென்னிமலை படுக்கை விரிப்பு இரண்டு, ஹாலில் விரிக்க ஒரு பவானி ஜமக்காளம். இரண்டும் ஈரோடு மாவட்டத்து நெசவு. கோ-ஆப்டெக்ஸில் தீபாவளி சமயத்தில் வழக்கமாக 30 சதவீதம் தள்ளுபடி உண்டு, அந்தக் காலத்தில் வாங்கி வைப்பது லாபம். ஜமக்காளம் வாங்கும்போது கொஞ்சம் விழிப்பு வேண்டும். கைத்தறிக்கு மட்டும் என்று 1985ஆம் வருடச் சட்டப்படி ஒதுக்கப்பட்ட 11 ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. அப்படியிருந்தும் விசைத்தறியில் ஓட்டியதைப் 'பவானி' என்று சொல்லி விற்கிறார்கள். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள், பில்லில் 'கைத்தறி ஜமக்காளம்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம். நல்ல ஜமக்காளம் உங்கள் பிள்ளைகள் காலத்துக்கும் வரும்.

வாடகை வீடு என்பதால் இன்னொன்று. தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பில் வருகிறது. எட்டு வருடம் ஆயிற்று என்றால் தயங்காமல் பக்குவமாகக் கேளுங்கள். ஒப்பந்தத்தை எடுத்து ஒரு முறை படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 'க்ளேஸ் காட்டன்' என்று போட்டிருந்த டபுள் பெட்ஷீட் வாங்கினேன். வந்தது வழவழவென்று இருக்கிறது, இரவில் வியர்க்கிறது. இது பருத்திதானா? திருப்பி அனுப்பினால் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். (வாசகி, மதுரை)

பதில்: பெயரில் காட்டன் இருக்கிறதே தவிர, இந்தப் பெயரில் விற்பதில் பெரும்பகுதி பாலியஸ்டர்தான். நீங்களே பார்த்துவிடலாம். ஓரத்திலிருந்து இரண்டு நூல் உருவி, ஒரு கிண்ணத்துக்கு மேலே இடுக்கியால் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் பட்டால் பொடியாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, ஆறிய பிறகு நுனியில் கடுகு போல ஒரு கெட்டி மணி நிற்கும். இரண்டும் கலந்த துணியில் எரியவும் எரியும், மணியும் நிற்கும். நீளவாக்கு நூல் ஒன்று, குறுக்கு நூல் ஒன்று என்று தனித்தனியாகப் பாருங்கள். சில துணியில் ஒன்று பருத்தியாகவும் மற்றது பாலியஸ்டராகவும் இருக்கும்.

இப்போது உரிமைக்கு வருவோம். வாங்கிய பக்கத்தில் துணி வகை என்று என்ன எழுதியிருந்தது? 'பருத்தி' என்று இருந்தால் அதை உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். 2020ஆம் வருட மின்வணிக விதிகளின்படி, சொன்னதற்கு மாறான பொருளையோ குறையுள்ள பொருளையோ விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. முதலில் அந்தத் தளத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள்; அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும் என்பதும் விதி. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்து நம்மில் பலர் வாயை மூடிக்கொள்கிறோம். குறையுள்ள பொருள் விஷயத்தில் அந்த வரிக்கு மதிப்பில்லை. 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில்லில் கெடு இருந்தால் அதற்குள்ளும் இல்லையென்றால் 30 நாளுக்குள்ளும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் கொடுக்காமல் இருப்பதும் அப்படியே. ஒரு கடையில் நான் வாங்கிய சிவப்புத் திரைச்சீலை முதல் சலவையிலேயே சாயம் இறங்கி, கூட ஊறிய வேட்டிகளையும் கெடுத்தது. கடைக்காரர் அந்த அச்சடித்த வரியைத்தான் காட்டினார். பில்லின் நகலோடு சட்டத்தைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பத்து நாளில் பணம் வந்தது. கேட்டால் கிடைக்கிறது என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

ஆனால் நிறம் வீட்டுக்குப் பொருந்தவில்லை, மனசுக்குப் பிடிக்கவில்லை என்பது குறை ஆகாது. அதற்குக் கடையின் சொந்த விதிதான். வாங்குவதற்கு முன்னால் அதைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: சொந்த வீடு, ஒரு படுக்கையறைக்கு மட்டும் பெயின்ட் அடிக்க வேண்டும். 10க்கு 11 அடி. பெயின்டர் 10 லிட்டர் பக்கெட் வாங்கச் சொல்கிறார். அவ்வளவு தேவையா?

பதில்: தேவையில்லை. நாலு சுவரின் நீளம் சேர்த்து 42 அடி, உயரம் 10 என்றால் 420 சதுர அடி. கதவும் ஜன்னலும் கழித்தால் 380 நிற்கும். ஏற்கெனவே அடித்த, சமமான சுவரில் உள்பக்க எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 120 முதல் 140 சதுர அடி வரை வரும். ஆக மூன்று லிட்டர். நாலு லிட்டர் டப்பா ஒன்று வாங்கினால் பின்னால் கீறல் விழுந்த இடத்தைத் தொட்டுக்கொள்ளவும் மிச்சம் இருக்கும். கூரைக்கு வெள்ளை தனி.

பெயின்டர் மேல் உடனே சந்தேகப்பட வேண்டாம், அடுத்த வேலைக்கும் சேர்த்துக் கேட்கிற பழக்கம் அது. ஆனால் பல கம்பெனிகள் பெயின்டருக்கென்று பக்கெட்டில் டோக்கனோ ஸ்கேன் செய்கிற குறியீடோ வைக்கின்றன, அதன் மதிப்பு அவருக்குப் போகும். அதனால் எந்த பிராண்டு, எவ்வளவு என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். டப்பாவை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். டோக்கனை நீங்களே எடுத்து அவர் கையில் கொடுங்கள், அவருக்கும் மரியாதை, உங்களுக்கும் கணக்கு. மெஷினில் கலந்த நிறத்தைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார், அதில் நியாயமும் இருக்கிறது. ஆகவே சின்ன டப்பாவில் கலந்து, சுவரில் இரண்டடிக்கு இரண்டடி அடித்து, காலையிலும் இரவு விளக்கிலும் பார்த்த பிறகு பெரியது வாங்குங்கள்.

பணம் இன்னும் குறைவு என்றால் கட்டில் தலைமாட்டுச் சுவர் ஒன்றுக்கு மட்டும் நிறம் அடியுங்கள். ஒரு லிட்டரில் முடிந்துவிடும்.

சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்து பெயின்ட் பொரிந்திருந்தால் மட்டும் பெயின்டில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். ஓரடிக்கு ஓரடி பாலிதீன் தாளை அந்த இடத்தில் நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உரிக்கும்போது தாளின் சுவர்ப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் உள்ளேயிருந்து வருகிறது. குழாயா, மாடிக் குளியலறையா, அஸ்திவாரமா என்று முதலில் அதைக் கண்டுபிடியுங்கள். ஸ்டிக்கர் வால்பேப்பர் ஒட்டி மறைத்தால் ஈரம் பின்னால் பூஞ்சையாகும்.

கேள்வி: கடலூரில் கடற்கரைக்குப் பக்கத்து வீடு. 'இன்ஜினியர்டு வுட்' துணி அலமாரி 6,500 ரூபாய்க்குத் தவணையில் கிடைக்கிறது. வீட்டில் தாத்தா காலத்துப் பிரம்பு நாற்காலி இரண்டு, பின்னல் அறுந்து பரணில் கிடக்கின்றன. அவற்றைப் போட்டுவிட்டு அலமாரி வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம், இரண்டையும் செய்யாதீர்கள். இந்த விலைக்கு அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளையும் சில்லையும் பசையில் அழுத்திய பலகை. கடையில் அலமாரியின் அடிப்பக்கத்தையோ திருகு போட்ட துளையையோ பாருங்கள், அவல் அழுத்தினாற்போல் தெரியும். ப்ளைவுட் என்றால் அடுக்கடுக்காகத் தெரியும், பலகையில் ஐஎஸ் 303 அல்லது ஐஎஸ் 710 என்ற முத்திரை இருக்கும். கடல் காற்றின் ஈரத்தில் பார்ட்டிகிள் போர்டின் விளிம்பு உப்பிவிடும், கீல் திருகு ஒரு முறை கழன்றால் மறுபடி பிடிக்காது. தவணை முடிவதற்குள் கதவு தொங்குவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட வீட்டில் பார்த்துவிட்டேன்.

அந்த நாற்காலிகளைப் பரணிலிருந்து இறக்குங்கள். சட்டம் தேக்கு என்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெருகெண்ணெய் பூசி, பின்னலை மட்டும் புதிதாகப் போடலாம். நிஜப் பிரம்பில் பின்னினால் செலவு கூடும். பிளாஸ்டிக் ஒயரிலும் பின்னித் தருவார்கள், ஆனால் தாத்தா நாற்காலிக்குப் பிரம்புதான் அழகு. பேசும்போது உட்காருமிடம் மட்டுமா, முதுகுப்பக்கமும் சேர்த்தா என்று தெளிவாகப் பேசிவிடுங்கள், சண்டை வருவது அங்கேதான். துணிக்குப் பழைய இரும்பு பீரோ ஒன்று பார்த்து வாங்கித் துருவைத் தேய்த்து பெயின்ட் அடித்தால் அலமாரி விலையில் பாதிக்குள் முடியலாம். கால்களுக்குக் கீழே ரப்பர் துண்டு வையுங்கள், கடலோரத்தில் துரு அங்கிருந்துதான் ஏறும்.

கேள்வி: பாட்டியின் பித்தளை உருளியும் குடமும் கறுத்துப்போய்க் கிடக்கின்றன. எடைக்குப் போட்டுவிட்டு அலங்காரப் பொருள் வாங்கலாமா?

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். எடைக்குப் போட்டால் பழைய உலோக விலைதான் கிடைக்கும், அதே கனத்தில் புதிய உருளி வாங்கப் போனால் அதைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். கைப்பிடி புளியை ஊறவைத்து, கொஞ்சம் கல்லுப்பு சேர்த்துத் தேங்காய் நாரால் தேய்த்தால் கறுப்பு போய்விடும். உருளியை வாசலோரம் வைத்துத் தண்ணீர் நிரப்பிப் பூ மிதக்க விடுங்கள், குடத்தை ஹால் மூலையில் வைத்து நாலு வேப்பங்கொத்து செருகுங்கள். கழுவியதும் உடனே காய்ந்த துணியால் ஈரம் போகத் துடைத்துவிடுங்கள், ஈரத்தோடு வைத்தால் மறுநாளே புள்ளி விழும். சமையலுக்கும் எடுப்பீர்கள் என்றால் வெள்ளீயம் பூசிய பிறகுதான்.